அடையாளம் தெரியவில்லை

காசிமேட்டில் ஏழு வருடமாக இறால் உரிக்கிறேன்.
ஐஸும் உப்பும் தின்றதில்
கட்டைவிரலில் ரேகை என்று எதுவும் மிச்சமில்லை.
ரேஷன் கடை மெஷின் வேறு விரலைக் கேட்கும்.
பத்தையும் வைத்துப் பார்த்தாயிற்று.
என் போனும் அப்படித்தான்:
அடையாளம் தெரியவில்லை,
மீண்டும் முயலவும்.

அந்தப் போனுக்குத்தான்
எனக்குத் தெரிந்த எல்லோரையும் தெரியும்.

தடைக்காலம், அறுபத்தொரு நாள்.
படகெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கரையில்.
ஷெட்டில் கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டிமேல்
நாய் படுத்திருந்தது.
நாலாயிரம் வேண்டும்.
வட்டிக்கு விடும் புஷ்பராணியக்காவே
யாரிடமோ வட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.
ஐந்தே நிமிடம், நான் தருகிறேன் என்றது ஒரு ஆப்.
தொடர்புகளை அணுக அனுமதிக்கவா?
படங்களை அணுக அனுமதிக்கவா?
என்ன மரியாதை!
தவணைக்கு வரும் சேட்டு
ஒருநாளும் இப்படிக் கேட்டு உள்ளே வந்ததில்லை.
கை ஈரம். விரல் முட்டியால் தட்டினேன்.
அனுமதி.
அனுமதி.
வந்தது இரண்டாயிரத்து அறுநூறு.

எட்டாம் நாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.
ஐஸ் கம்பெனி கணக்குப்பிள்ளைக்கு,
கோயில் பாட்டுக்குழு ஸ்டெல்லா டீச்சருக்கு,
பேசி நின்றுபோன கல்யாணத்து மாப்பிள்ளைக்கு
(அந்த நம்பர் இன்னும் எதற்கு என்று
என் புருஷன் கேட்டது தனிக் கணக்கு),
எல்லோருக்கும் என் முகம்.
ஆதாருக்கு எடுத்த, தூக்கம் வழியும் முகம்.
கீழே சிவப்பு எழுத்தில், திருடி.
"தண்ணி லாரி" என்று மட்டும் பதிந்து வைத்திருந்த டிரைவர்
போன் போட்டுச் சிரித்தார்:
"உன் பேருகூட எனக்குத் தெரியாதும்மா.
இப்பத்தான் சொன்னானுங்கோ."

பதினோராம் நாள் மதியம்
அரிசி களைந்துகொண்டிருந்தேன்.
போன் அடித்தது. திரையில்
வாயாடி ஜெசி.

ஜெசிந்தா செத்து மூன்று வருடம்.
கல்லறையில் மண் அள்ளிப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.
பாத்திரம் சாய்ந்து
அரிசி தண்ணியோடு போனதை அப்புறம்தான் பார்த்தேன்.

ஆண் குரல். மீஞ்சூராம்.
"யாரும்மா நீ? உன் கடனை என்கிட்ட கேக்குறானுங்கோ.
என் நம்பர் உன்கிட்ட இன்னாத்துக்குக் கீது?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம்
அவர் பக்கம் கூட்ஸ் வண்டி போகும் சத்தம் மட்டும்.
"இந்த நம்பர் வாங்கின புதுசுல,
ராத்திரில ஒரு போன் வரும்.
பேசாம மூச்சு மட்டும் வுட்டுட்டு வெச்சிடும்.
நீயா அது?"

நான்தான்.

கல்மண்டபத்து போன் கடையில் இர்ஃபான்
அமைப்புகளைத் திறந்தான்.
இவ்வளவு கதவா என் வீட்டுக்கு!
டார்ச் லைட்டுக்கு மைக் எதற்கு,
கண்ணாடி ஆப்புக்கு நான் நிற்கும் இடம் எதற்கு.
ஒவ்வொரு சுவிட்சாகச் சாம்பல் நிறமாக்கிக்கொண்டே போனான்.
"மூடியாச்சுக்கா. ஏற்கெனவே எத்துக்கினு போனது
போனதுதான்."
முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டான்.
கடனா? தோட்டை வைத்து அடைத்தேன். இரண்டு முறை.

படகு போய், இறால் வந்து,
விரல் மறுபடி வெளுத்த பிறகு
ஒருநாள் போன் தானாகவே சொன்னது:
சில மாதங்களாக நீங்கள் பயன்படுத்தாத ஆப்ஸின்
அனுமதிகளை நீக்கிவிட்டோம்.

நல்லது. நீக்கு.
மூன்று வருடமாக அவள் பேசாத நம்பரில் மட்டும்
கை வைக்காதே.
வேறு பெயர் போடலாம் என்று ஒருதடவை திறந்தேன்,
மூடிவிட்டேன்.
மீஞ்சூர்க்காரர் இன்னொரு முறை அழைத்தால்
அவள் பெயரில்தான் அழைப்பார்.